பிள்ளைகளே ஒரு நாடகத்தை உருவாக்க முடியுமா? பெங்களூர் ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி இது: பெங்களூரில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டு விழாவுக்கு 9 வாரம் இருக்கிறது. அச்சில் வந்த நாடகத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பிள்ளைகளே உருவாக்கியதாக இருக்க வேண்டும் என்கிறார். வகுப்பில் 32 பேர். பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மற்றவர்கள் கன்னடம், உருது, தெலுங்கு. கையில் வசனம் இல்லாமல் அனுமதிக்க முடியாது என்கிறார் தலைமை ஆசிரியர். "எனக்கு நாடகப் பயிற்சியும் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?"

முடியும், அம்மா. தைரியமாகத் தொடங்குங்கள். தலைமை ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது பணமோ மேடையோ ஒலிபெருக்கியோ இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து 80 நிமிடம் தரச் சொல்லுங்கள். 40 நிமிடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, பிள்ளைகள் வட்டமாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். 80 நிமிட வகுப்பு வாரம் இரண்டு கிடைத்தால் 9 வாரம் தாராளம்.

நான் 16 ஆண்டுகளாக இந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளோடு நாடகம் செய்துவருகிறேன். அரசுப் பள்ளிகளிலும் செய்திருக்கிறேன், கட்டணம் வாங்கும் பள்ளிகளிலும் செய்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் உறுதிப்பட்டிருப்பது ஒன்று. பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு ஆடினார்கள் என்பதை வைத்து ஒரு நாடகம் அவர்களுடையதா என்று சொல்ல முடியாது. எது கதை, எதைச் சொல்லாமல் விடுவது, எப்படி முடிப்பது என்ற மூன்றையும் யார் தீர்மானித்தார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றும் பெரியவர் கையில் இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

'அலங்காரம்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக அதில் வரைந்தார். கீழ்ப் படிகள் மூன்று: பிள்ளைகளைக் கருவியாகப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. இந்த மூன்றும் பங்கேற்பே ஆகாது என்றார். நம் ஆண்டு விழாக்களில் மரமாகவும் பூவாகவும் நிற்கிற பிள்ளைகளை நினைத்தால் இரண்டாம் படி கண்முன் வருகிறது. மேல் படியில் பிள்ளைகள் தாமே தொடங்கி, முடிவெடுக்கும்போது பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியவர் விலகிப்போவது அந்த ஏணியின் உச்சி கிடையாது. உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் நாடகம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அவர்கள் தெருவில் ஆடும் ஆட்டங்களைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்ப் பிள்ளைகள் 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தைக் கொண்டுவருவார்கள். எதிரெதிரே இரண்டு வரிசை, ஒரு வரிசை முன்னே வந்து கேட்க, மற்றது பின்வாங்கி நின்று பதில் சொல்லும். கேள்வி, பதில், கோரிக்கை, மறுப்பு, கடைசியில் இழுபறி. ஒரு காட்சிக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. அதே இரண்டு வரிசையை வைத்துக்கொண்டு, "இந்த வரிசை வீட்டுக்காரர், அந்த வரிசை வாடகைக்கு இருப்பவர், கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த பத்து நிமிடம் நீங்கள் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.

இரண்டாவது, சிலை. நான்கு நான்கு பேராகப் பிரித்து, பேசாமல், அசையாமல், "காலை ஆறு மணி" என்று ஒரு சிலை செய்யச் சொல்லுங்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். வாய் பேசத் தயங்குகிற பிள்ளைக்கும் உடம்பு பேசும் என்பதுதான் இதன் பலம். பல மொழி வகுப்பில் இது பெரிய உதவி. சிலையைச் சுற்றி மற்றவர்கள் நடந்து பார்த்து, என்ன தெரிகிறது என்று சொல்லட்டும். நீங்கள் "சரி", "தப்பு" எதுவும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, ஒரு பொருள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2024 கோடை இந்த ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின, டேங்கர் லாரிக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு வேலையைத் தொடங்கினேன். வட்டத்தின் நடுவில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் குடத்தை வைத்தேன். ஒரு மாணவி வீட்டிலிருந்து எடுத்து வந்தது. அடியில் விரிசல் விட்டு, சூடான கரண்டிக் காம்பால் உருக்கி ஒட்டிய தழும்பு ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொருவராக வந்து குடத்தை வேறு ஏதாவதாக மாற்றிக் காட்ட வேண்டும். ஒருவன் தலைக்கவசமாக மாட்டினான், ஒருத்தி குழந்தையாகத் தாலாட்டினாள், ஒருவன் தமட்டையாக அடித்தான். குடத்தைக் கொண்டுவந்த பெண்ணின் முறை வந்தது. அதுவரை மூன்று வகுப்புகளிலும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. குடத்தை எடுத்து, அந்தத் தழும்பை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு குடத்தின் வாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன கேட்கிறது என்றேன். "பாட்டி பேசுகிறாள். ஆம்பூரிலிருந்து" என்றாள்.

அதற்கு அடுத்து வந்த பையன் தன் முறைக்கு எதையும் மாற்றிக் காட்டவில்லை. தானும் குடத்தில் காதை வைத்தான். "டேங்கர் டிரைவர் பேசுகிறார், கன்னடத்தில்" என்றான். அடுத்தவள் பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மாவைக் கேட்டாள். தண்ணீர் வராத குடங்களுக்குள் குரல்கள் இருக்கின்றன என்ற நாடகம் அன்றைக்கு அங்கே பிறந்தது. நான் செய்தது குடத்தை நடுவில் வைத்ததும் என்ன கேட்கிறது என்று கேட்டதும் மட்டும்தான். இதுதான் உங்கள் வேலை: இறுக்கமான ஒரு விதி, தெளிவான ஒரு பொருள், திறந்த ஒரு கேள்வி. 'உங்கள் விருப்பம்போல் ஏதாவது செய்யுங்கள்' என்று விட்டால் பிள்ளைகள் சினிமாக் காட்சியைத்தான் செய்வார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, வெற்றிடத்தில் யாருக்கும் எதுவும் தோன்றாது.

மொழியைப் பற்றி. பள்ளியில் ஆங்கிலம், இல்லாவிட்டால் கன்னடம். வீட்டுத் தமிழ் பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. நாடக வகுப்பில் எந்த மொழியும் பேசலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள், அதை நீங்களே செய்தும் காட்டுங்கள். பார்ப்பவர்களுக்கு எல்லா மொழியும் புரியாதே என்ற கவலை வரும். அதற்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வருவான். கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான். ராஜாவிடம் துணிந்து கேள்வி கேட்பான், திரும்பிச் சபையோடும் பேசுவான். எங்கள் நாடகத்தில் கட்டியங்காரர்கள் மூன்று பேர். குடம் தமிழில் பேசினால் ஒருத்தி அதைக் கன்னடத்தில் சபைக்குச் சொல்வாள், வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் சொல்வாள். "பாட்டி அப்படிச் சொல்லவில்லை" என்று மற்றவள் மறுப்பாள். மொழிபெயர்ப்பே காட்சியாகிவிட்டது.

இந்த ஊரே ஒரு குடத்தைத் தலையில் சுமந்து விழா எடுக்கிற ஊர்தானே. சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயசாமி கோவிலிலிருந்து கரகம் புறப்பட்டு, திரௌபதியின் பெயரால் பேட்டைத் தெருக்களெல்லாம் சுற்றி, தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வரும். கடைசியில் நிரம்பிய ஒரே ஒரு குடத்தைக் கரகம்போலச் சுமந்து வர வேண்டும் என்று கன்னடம் பேசும் பையன் சொன்னான். தர்காவுக்கும் போக வேண்டும் என்று உருது பேசும் பெண் சேர்த்தாள். இதை நான் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளிடம் கதையைக் கேட்டால் கனமானதும் வரும்.

வீட்டுப் பெரியவர்களிடம் தண்ணீரைப் பற்றி ஒரு நினைவு கேட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தேன். ஊற்றுத் தோண்டியது, கிணற்றில் விழுந்த வாளி என்று கதைகள் வந்தன. குடத்தைக் கொண்டுவந்த பெண் சொன்ன கதை வேறு. 1991 டிசம்பரில், காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்த ஊரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்களே, அந்த நாட்கள். பாட்டி அப்போது இங்கேதான் இருந்தாள். தெருவில் தமிழில் பேசாதே என்று அவளை வீட்டில் அடக்கி வைத்திருந்தார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. "யார் அடித்தார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கன்னடம் பேசும் பையன், உண்மையாகவே தெரியாமல் கேட்டான். நான் அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை. நடந்ததைச் சுருக்கமாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அன்று மாலையே அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். அடுத்த வகுப்புக்கு முன் அவளைத் தனியாகக் கேட்டேன்: இது நாடகத்தில் வர வேண்டுமா? வரட்டும் என்றாள். ஆனால் தான் அதில் நடிக்க மாட்டாள், மேடையில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்றாள்.

அந்த இரண்டு நிபந்தனைகளையும் வகுப்பு ஏற்றுக்கொண்டது. காட்சி இப்படி அமைந்தது: பாட்டியின் குடம் பேசத் தொடங்குகிறது, வரிசையில் நிற்கும் ஒருவர் அதன் வாயை உள்ளங்கையால் மூடுகிறார். குரல் அமுங்கிவிடுகிறது. அடுத்த காட்சி முழுவதும் அந்தக் கை அப்படியே இருக்கும். மூடியவர் யார் என்று இரண்டு வகுப்பு நேரம் விவாதித்தார்கள். போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒரு ரவுடி. கடைசியில் பாட்டியின் சொந்த மகளே பயத்தில் மூடுகிறாள் என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்.

இதிலிருந்து நான் விடாமல் கடைப்பிடிக்கிற சில விதிகள் உண்டு. ஒரு பிள்ளையின் சொந்தக் காயத்தை அந்தப் பிள்ளையே நடிக்கக் கூடாது; கதை வேறொரு வாய்க்குப் போகட்டும், பெயரும் ஊரும் மாறட்டும். கொடுத்த கதையை எந்த நாளிலும், விழாவுக்கு முதல் நாள்கூட, திரும்ப வாங்கிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். தொட்டு ஆடும் ஆட்டங்களில் விருப்பமில்லாதவர் விலகி நிற்கலாம், காரணம் கேட்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால் அது நாடகத்துக்கான பொருள் கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இனி தலைமை ஆசிரியர். அவருடைய பயம் நியாயமானது. கூட்டத்துக்கு முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரிடம் நம்பிக்கை கேட்காதீர்கள், அழைப்புக் கொடுங்கள். நான்காவது வாரத்தில் ஒரு வகுப்பைத் திறந்த வகுப்பாக வையுங்கள், அவர் வந்து உட்காரட்டும். அரைகுறையாக இருப்பதைப் பார்க்கட்டும். வசனப் பிரதி அவருக்கு ஏழாவது வாரத்தில் கிடைக்கும் என்று தேதி குறித்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் மேடையில் முயன்று பார்த்து நிலைத்ததை, முறை வைத்து இரண்டு பேர் எழுத வேண்டும். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் எழுதினால் எல்லார் கண்ணிலும் படும், எல்லாரும் திருத்தலாம்.

அவருக்கு ஆவணம் தேவைப்பட்டால் அதுவும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கலை, இசை, நடனம், நாடகம் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே எழுதப்பட்டது. கலையோடு இணைந்த கற்றலை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்துகிறது. கல்விக்குள் நாடகம் என்ற இயக்கம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டரில் 1965இல் தொடங்கியது. டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1989இல் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. நம் ஊரிலும் இது புதிதில்லை. கன்னட நாடக இயக்குநர் பி.வி. காரந்த், தாகூரின் கிளிக் கதையைப் 'பஞ்சர ஷாலெ' என்று பிள்ளைகளை வைத்தே மேடையேற்றினார். ஏட்டைத் திணித்துத் திணித்துக் கிளியைக் கொல்லும் கதை அது. தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் குடம் நாடகத்தின் முடிவைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நான் தடுமாறினேன். மேசைகளில் ஒரு விரல், இரண்டு விரல், உள்ளங்கை என்று தட்டி மழைச் சத்தம் எழுப்பும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிரமாதமாக வந்தது. நாடகம் அந்த மழையில் முடிய வேண்டும் என்று என் மனத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் மறுத்தார்கள். "மழை வந்தால் எங்கள் வீட்டுக்குள்தான் தண்ணீர் வரும் அக்கா, குழாயில் வராது" என்றான் ஒருவன். தாழ்வான பகுதியில் குடியிருக்கிற பிள்ளை. எனக்கு மழை ஓர் அழகான முடிவு, அவனுக்கு அது கட்டிலின்மேல் சாமான்களை ஏற்றி வைக்கிற இரவு. நான் விட்டுக்கொடுத்தேன். சுலபமாக இல்லை, இரண்டு நாள் மனம் சமாதானமாகவில்லை. டேங்கர் கிளம்பிப் போகிறது, ஒரு குடம் நிரம்பி மற்றவை காலியாக நிற்கின்றன, கட்டியங்காரர்கள் மூவரும் சபையைப் பார்த்து "இதை யாருக்குக் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள் என்று அவர்கள் முடித்தார்கள்.

அந்தப் பள்ளியில், நிறைவில் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்ற பதாகையைப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு நான்கு குடத்தில் வாழ்கிற பிள்ளைகளிடம் எதைச் சேமிக்கச் சொல்வது? பிள்ளைகள் சண்டை போடவில்லை. அந்த வாசகத்தை நாடகத்திலேயே வைத்தார்கள்: காலிக் குடங்களின் வரிசைக்கு முன் நின்று ஓர் அதிகாரி அதைப் படித்துவிட்டுப் போவார். பதாகையும் வந்தது, உண்மையும் வந்தது.

இதற்கு நேர்மாறாக நான் செய்த தவறும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் நாட்கள் குறைந்துபோய், பிள்ளைகள் சொன்ன துண்டுகளை வீட்டில் உட்கார்ந்து நானே ஒரே இரவில் நாடகமாக எழுதிக் கொடுத்தேன். விழாவில் நல்ல கைதட்டல். மறுவாரம் போனபோது ஒரு சிறுமி, "அது நல்ல நாடகம்தான், எங்கள் நாடகம் எங்கே போயிற்று?" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நேரம் போதவில்லை என்றால் நாடகத்தைச் சின்னதாக்குங்கள். 12 நிமிடம் போதும். எழுதும் கையை மட்டும் மாற்றாதீர்கள்.

நாடகப் பயிற்சி இல்லை என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். கதைக்குள் நீங்களும் ஒரு பாத்திரமாக நுழையலாம். இங்கிலாந்தின் நாடக ஆசிரியை டாரதி ஹீத்கோட் இதை வகுப்பறையில் அழகாகக் கையாண்டவர். ஆசிரியர் அதிகாரம் இல்லாத, உதவி தேவைப்படுகிற ஒருவராக நுழைந்தால் பிள்ளைகள் உயர்ந்துவிடுகிறார்கள். நான் அன்றைக்கு வழி தெரியாத புது டேங்கர் டிரைவராக நுழைந்தேன். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு இந்த ஊருக்கு வருகிறது என்று எனக்கு விளக்குவதற்காகவே அவர்கள் பாடப் புத்தகத்தைத் தேடிப் படித்தார்கள்.

32 பேரும் மேடையில் நிற்க வேண்டியதில்லை. ஒலி, பொருள்கள், எழுத்து, திரை என்று வேலைகள் இருக்கின்றன. ஆனால் எதைச் செய்வது என்று அவரவர் தேர்ந்தெடுக்கட்டும், கூச்சமுள்ளவரை ஓரத்துக்குத் தள்ளும் வழியாக அது ஆகிவிடக் கூடாது. சிறந்த நடிகர் பரிசு வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு நாள் ஜே.பி. நகரில் இருக்கும் ரங்க சங்கரா நாடக அரங்குக்கு அழைத்துப் போய் ஒரு நாடகம் காட்டுங்கள். பிள்ளைகளுக்கான நாடகங்களும் அங்கே நடக்கின்றன. விளக்கு அணைந்து இருட்டாகும் அந்த ஒரு நொடியை அவர்கள் பார்த்துவிட்டால், அமைதியாக இருக்கச் சொல்லி நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

விழா முடிந்த மறுவாரத்துக்கும் ஒரு வகுப்பை ஒதுக்கி வையுங்கள். எது பிடித்தது, எதை மாற்றியிருப்பீர்கள் என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் கேட்டது, தங்கள் தெருவில் ஒரு முறை போட வேண்டும் என்பது. ஒரு ஞாயிறு மாலை, குழாயடிக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் போட்டோம். "இதை யாருக்குக் கொடுப்பது?" என்று கட்டியங்காரர்கள் கேட்டதும் கூட்டத்திலிருந்து பத்துக் குரல்கள் பதில் சொல்லின. அந்த விவாதம் முடியும்போது இருட்டிவிட்டது. ஆம்பூர்ப் பாட்டியின் பேத்தி நாடகக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காலையில் அது வேண்டும் அவர்களுக்கு.

உங்கள் முதல் வகுப்புக்கு, ஆளுக்கொரு வீட்டுப் பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னென்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வகுப்பை எப்படி அமைக்கலாம் என்று அதிலிருந்து சேர்ந்து யோசிப்போம்.